ஸ்மோக்கரை மாற்றுவதா, இருப்பதையே தேற்றுவதா?

குடிமங்கலத்தான்:

வணக்கமுங்க. விறகு ஸ்மோக்கர் (கறியைப் புகையிலும் சூட்டிலும் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு) வைத்துப் புழங்குகிறவர்கள் கொஞ்சம் விலாவாரியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

என்னிடம் இருப்பது பக்கத்தில் நெருப்புப்பெட்டி வைத்த ஆஃப்செட் ஸ்மோக்கர். உடுமலைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. கறி வைக்கும் உருளை 20 அங்குல விட்டம், நாலடி நீளம். நெருப்புப்பெட்டி ஒன்றரை அடிச் சதுரம். இரண்டுமே 2 மி.மீ. தகடு. புகைபோக்கி மூன்றடி. தோட்டத்துச் சாளைக்கு (வீட்டுக்கு) முன்னால் களத்தில் நிற்கிறது. நோம்பி, பண்டிகை, சொந்தபந்தம் வந்தால் இரண்டு ஆட்டுத் தொடை, நாலைந்து கோழி, எப்போதாவது வெண்பன்றிக் கறி என்று போடுவேன். அதிகம் போனால் பதினைந்து, இருபது பேர் சாப்பாடு. வியாபாரம் கிடையாது.

மாசி, பங்குனியில் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. வைகாசிக் கடைசியில் மேகாத்து, அதாவது மேற்கே இருந்து அடிக்கிற பருவக்காற்று, கிளம்பிவிட்டால் போச்சு. எங்கள் பக்கம் காற்றாலை எதற்காக வரிசையாக நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். தெர்மாமீட்டர் முள் 110 டிகிரியில் நிற்கும், ஒரு கட்டை போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து பார்த்தால் 160, கதவைச் சாத்தினால் 90. நெருப்புப்பெட்டிப் பக்கம் இருக்கிற கோழி கருகுகிறது, புகைபோக்கிப் பக்கம் இருக்கிற கோழியின் தொடையில் இன்னும் ரத்தம் நிற்கிறது. விறகு கணக்கில்லாமல் போகிறது. போதாததற்கு நெருப்புப்பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, அது சேரும் பக்கம் உருளையின் ஓரத்தகடு உப்பிக்கொண்டு நிற்கிறது.

இப்போது மூன்று யோசனை. கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் முழுக்க 6 மி.மீ. தகட்டில் புதிதாகச் செய்ய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேட்கிறார்கள், வண்டி வாடகை தனி. இரண்டாவது, நெருப்புப்பெட்டியை மட்டும் மாற்றுவது. மூன்றாவது, பெங்களூரில் இருக்கும் மச்சான் பெல்லெட் மெஷின் (அழுத்திச் செய்த சின்ன விறகுக் குச்சிகளை மோட்டாரே தள்ளி எரிக்கிற ஸ்மோக்கர்) வாங்கச் சொல்கிறார், சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமாம். அம்மா கட்சி வேறு: "இருக்கறதுலயே நல்லாத்தானே வேகுது, களத்துல இன்னொரு பீரங்கி எதுக்குடா?"

காசு கொடுக்கத் தயங்கவில்லைங்க. கொடுத்த பிறகு ஆனியில் மறுபடியும் இதே முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

கணபதி_பட்டறை:

தகடு வளைத்துப் பிழைக்கிறவன் நான். புதிதாகச் செய்யுங்கள் என்று சொன்னால்தான் எனக்கு லாபம். ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்தால் முழுசாக மாற்ற வேண்டிய வேலையாகத் தெரியவில்லை.

முதலில் தகட்டுக் கனம் பற்றி. 6 மி.மீ. போட்டால் சூடு வெளியே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு சூட்டைத் தடுக்காது, தேக்கி வைக்கும், அவ்வளவுதான். 2 மி.மீ. ஆனாலும் 6 மி.மீ. ஆனாலும் வெளிப்பக்கம் சூடாகிக் காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் நின்று எரியும்போது விறகுச் செலவு பெரிதாகக் குறையாது. குறைவது ஏற்ற இறக்கம். கதவைத் திறந்து மூடினாலும் முள் சட்டென்று இறங்காது, கட்டை குபீரென்று பிடித்தாலும் சட்டென்று ஏறாது. விறகு மிச்சமாக வேண்டுமென்றால் இரட்டைச் சுவர் வைத்து நடுவில் செராமிக் பஞ்சு அடைக்க வேண்டும், அது வேறு வேலை, வேறு விலை.

கணக்கு போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் 47 கிலோ. உங்கள் உருளை இரண்டு ஓரத்தகட்டோடும் சேர்த்து இரண்டே கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். இப்போது அது 37 கிலோ. 6 மி.மீ. ஆக்கினால் 110 கிலோ. நெருப்புப்பெட்டி 60 கிலோ. கால், தட்டு, புகைபோக்கி எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். அத்தனை இரும்பையும் சூடேற்றிய பிறகுதான் கறி உள்ளே போக முடியும். இருபது பேர் சாப்பாட்டுக்கு இது தேவையா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் நெருப்புப்பெட்டி விஷயம் வேறு. நெருப்பு நேராக அறைகிற இடம் அது. 2 மி.மீ. அங்கே நிற்காது, சிவக்கச் சிவக்கச் செதில் செதிலாக உதிரும், வளையும். அடி ஓட்டை விழுந்ததற்குப் பாதிக் காரணம் சாம்பல். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அது காரம் வேறு, மழையில் நனைந்து கிடந்தால் தகட்டைத் தின்றுவிடும். சுட்டு முடித்து மறுநாள் ஆறியவுடன் வாரிவிட்டால் பாதி ஆயுசு கூடும்.

அதனால் என் யோசனை, நெருப்புப்பெட்டியை மட்டும் 6 மி.மீ.க்கு மாற்றுங்கள். உருளையோடு நேராக வெல்ட் வைக்காமல் பிளேஞ்ச் (போல்ட் ஓட்டை வைத்த விளிம்புத் தகடு) போட்டு போல்ட்டில் இறுக்கச் சொல்லுங்கள், நடுவில் பாய்லர் கதவுக்கு வைக்கும் செராமிக் கயிறு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எங்கேயாவது சும்மா கிடைக்கிறது என்று அதை வைத்துவிடாதீர்கள். உள்ளே விறகு உட்காரக் கம்பி வலை வேண்டாம், திருப்பூர் பாய்லர்களில் போடுகிற வார்ப்பிரும்பு ஃபயர் பார் இருக்கிறதே, அதில் நாலைந்து துண்டு. தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கி வையுங்கள், அடியில் காற்றும் சாம்பலும் போக இடம் வேண்டும். ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசியது) எந்த இடத்திலும் வேண்டாம். மலிவாக இருக்கிறதென்று ஒருத்தர் தலையில் கட்டுவார், நெருப்புப் பட்டால் துத்தநாகம் புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் குளிருமாகப் படுக்க வேண்டியதுதான்.

ஒரு கேள்வி. நெருப்புப்பெட்டிக் கதவு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது?

பெருந்துறை_பந்தி:

நான் கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு விருந்துக்குச் செய்கிறவன். என்னிடம் இருப்பது முழுக்க 6 மி.மீ., டிரெய்லரில் ஏற்றியது. அருமையான சாமான், குறை சொல்ல மாட்டேன். நெருப்பு பிடித்துக்கொண்டால் நாலு பேரோடு பேசிக்கொண்டே வேலை பார்க்கலாம், முள் அசையாது.

ஆனால் காலையில் பற்ற வைத்தால் கறி வைக்கும் சூட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்து விறகு வெறும் இரும்புக்குத்தான். நூறு பேர் பந்திக்கு அது ஒரு செலவே இல்லை. நாலு கோழிக்கு அதைப் பற்ற வைக்க எனக்கே மனசு வராது, வீட்டுக்கு என்றால் நானும் சின்ன டிரம்மில்தான் சுடுகிறேன். நகர்த்த டிராக்டர் வேண்டும். மழையில் நனையாமல் கொட்டகை வேண்டும்.

இன்னொன்று, கனத்தகடு போட்டால் காற்றுக்குப் பயமில்லை என்பது முழுசாக உண்மை இல்லை. பல்லடம் தாண்டி ஒரு தோட்டத்தில் ஆடி மாத விருந்து. அம்மியே பறக்கிற காலத்தில் என் இரும்பு எம்மாத்திரம்? கதவு இடுக்கில் காற்று ஊதி ஊதிப் பெட்டி உலைக்களம் ஆகிவிட்டது. கனம் இருந்ததால் சூடு மெதுவாக ஏறியது, ஏறியதை இறக்கவும் ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் தென்னங்கீற்றுத் தட்டியை வைக்கலாம் என்றார்கள், நான் வேண்டவே வேண்டாம் என்று டிராக்டரின் தகர டிரெய்லரைக் கொண்டுவந்து மேற்கே மறித்து நிறுத்தச் சொன்னேன். அதன் பிறகுதான் அடங்கியது. கீற்றையும் மட்டையையும் மேகாத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சாளையே போய்விடும், தோட்டத்தில் சுடுகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொறங்காடு:

யாரும் விறகைப் பற்றிக் கேட்கவில்லையே! இரும்பு இரண்டு மி.மீ.யா ஆறு மி.மீ.யா என்று பேசுவதற்கு முன்னால், உள்ளே என்ன விறகு போகிறது, எப்போது வெட்டியது என்று சொல்லுங்கள் தம்பி.

போட்டவுடன் பிடிக்காமல் வெள்ளைப் புகை தள்ளி, அப்புறம் திடீரென்று குபீர் என்று எரிந்து 160க்குப் போகிறது என்றால் அது பாதி ஈர விறகு. ஈரம் போகிற வரைக்கும் சூடு இறங்கும், போனதும் ஏறும். அந்த வெள்ளைப் புகையில்தான் தார் இருக்கிறது, கறியில் நாக்கு மரத்துப்போகிற மாதிரி ஒரு கசப்பு உட்காரும். நல்ல நெருப்பில் புகைபோக்கி வாயில் லேசான நீல நிறம் மட்டும் தெரியும், சில நேரம் புகையே தெரியாது, சூட்டில் காற்று நெளிவது மட்டும் தெரியும். அப்போதுதான் கறியை உள்ளே வைக்க வேண்டும்.

காய்ந்த விறகைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். பிளந்த கட்டை இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் காய்ந்தது, 'மொத்' என்றால் ஈரம். வெட்டு முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிற வெடிப்பு இருக்க வேண்டும். பட்டை கையால் இழுத்தால் கழன்று வர வேண்டும். நம் வெயிலுக்கு தையில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் கல் மேல் அடுக்கிவிட்டால் சித்திரை, வைகாசி தாண்டி எரிக்கலாம். முழுக்கட்டையாகக் கிடந்தால் வருசம் ஆனாலும் நடுவில் ஈரம் இருக்கும். மணிக்கட்டுக் கனத்துக்கு, ஒரு முழ நீளத்துக்குப் பிளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம் என்பதும் முக்கியம். எங்கள் தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரம் இருக்கிறது, நின்று எரியும், கரி நன்றாக விழும். ஆனால் அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் காய் கொடுக்கிற மரம், கவாத்து பண்ணிய கிளை கிடைத்தால் எடுங்கள், மரத்தைச் சாய்க்காதீர்கள். சீமைக் கருவேலம் எங்கே பார்த்தாலும் கிடக்கிறது, அதை வெட்டினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் மெஸ்கீட் என்று கொண்டாடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒரே பேரினத்து மரம், புரோசோபிஸ் என்பார்கள். மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து விட்டதுதான் சீமைக் கருவேலம். சூடு அதிகம், புகை காட்டம். ஆட்டுக் கறிக்குத் தாங்கும், கோழிக்கு ரொம்ப நேரம் ஆகாது. நான் அதைத் தனியாக எரித்துக் கரியாக்கி, அந்தத் தணலின் மேல் ஒரு கொய்யாக் கட்டையோ மாங்கட்டையோ வைப்பேன். புளியங்கட்டை கிடைத்தால் அது இன்னும் நல்லது, தணல் நெடுநேரம் நிற்கும்.

வேம்பு கசக்கும். தைலமரம் மருந்து வாடை. அரளி, எட்டி விஷம், அந்தப் பக்கமே போகாதீர்கள். தேங்காய்த் தொட்டிக்கரி காங்கயம் பக்கம் கொட்டிக் கிடக்கிறது, அடித்தணலுக்கு நல்ல சாமான், ஆனால் கரியாகாத பச்சைத் தொட்டியும் மட்டையும் போட்டால் புகைமூட்டம்தான். அப்புறம் கம்பெனிகளில் சும்மா கொடுக்கிறார்கள் என்று பேக்கிங் பலகை எடுத்து எரிக்கிறார்கள். அதில் MB என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு வைத்துப் பூச்சி கொன்ற பலகை. பிளைவுட், பெயின்ட் பலகையும் கூடவே கூடாது.

கோபி_டு_டெக்சாஸ்:

டல்லாஸில் சில வருசம் வேலை பார்த்துவிட்டு இப்போது கோபியில் வாழைக்கு நடுவில் சுட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டறை அண்ணனும் கொறங்காட்டு அண்ணனும் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நெருப்பை ஓட்டுகிற முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சூடு ஏறினால் காற்றை அடைப்பது என்பதுதான் நம் எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை. கரியில் அது நடக்கும், விறகில் நடக்காது. விறகு மூச்சுத் திணறினால் வெள்ளைப் புகைதான் கக்கும். டெக்சாஸில் லாக்ஹார்ட் ஊர்ப் பக்கத்துப் பெரிய புகைக்கறிக் கடைகளில் பார்த்தேன், புகைபோக்கி முழுசாகத் திறந்தேதான் இருக்கும். அவர்கள் சூட்டை ஆள்வது நெருப்பின் அளவை வைத்து. சின்ன நெருப்பு, ஆனால் நல்ல சுவாலை. அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு கட்டை. அடுத்த கட்டையை நெருப்புப்பெட்டி மேலேயே வைத்துச் சூடேற்றிவிட்டால், உள்ளே போனவுடன் புகை தள்ளாமல் பிடித்துக்கொள்ளும். அங்கே அவர்கள் எரிப்பது பெரும்பாலும் போஸ்ட் ஓக் என்கிற ஓக் மரம், மெஸ்கீட் காட்டம் என்று பலர் நீண்ட நேர வேலைக்குத் தொடவே மாட்டார்கள்.

மூடியில் இருக்கிற முள்ளை நம்பாதீர்கள். அது மூடியின் உச்சியில் இருக்கிறது, கறி ஒரு சாண் கீழே இருக்கிறது. தட்டு மட்டத்தில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கம்பி தெர்மாமீட்டர் வையுங்கள். அது வருகிற வரைக்கும் ஒரு வழி இருக்கிறது, தட்டு முழுக்க ரொட்டித் துண்டை அடுக்கிக் கால் மணி நேரம் விட்டு எடுத்தால் எங்கே கருகுகிறது, எங்கே வெள்ளையாக நிற்கிறது என்று படம் போட்ட மாதிரி தெரிந்துவிடும். கருகுகிற பக்கம், தட்டுக்குக் கீழே, ஓர் அலுமினியத் தட்டில் வெந்நீர் வையுங்கள். நேராக அடிக்கிற சூட்டை அது வாங்கிக்கொள்ளும், உள்ளே ஈரமும் நிற்கும். மெல்லிய தகட்டுக்கு இதைவிட மலிவான சமாதானம் கிடையாது.

கறி விஷயம் ஒன்று. கோழிக்கு 110 டிகிரி வேண்டாம், தோல் ரப்பராகிவிடும். 150க்குப் பக்கத்தில் வைத்து, தொடையின் உள்ளே 74 டிகிரி தாண்டட்டும். ஆக, கோழியையும் ஆட்டுத் தொடையையும் ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் போடுவதிலேயே சிக்கல் இருக்கிறது. தொடையைக் காலையில் 120இல் வைத்து, அது பாதி வெந்த பிறகு சூடான பக்கத்தில் கோழியை வையுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் பெட்டியில் ஒரு பக்கம் சூடு அதிகமாக இருப்பது வசதிதான்.

நம் வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, பன்றித் தோள்கறி மாதிரி புகையில் நாள் முழுக்கத் தாங்காது. உள்ளே 65, 70 டிகிரி வந்ததும் மேல் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். பதறி விறகை அள்ளிப் போடாதீர்கள். அந்த நேரத்தில் வாட்டிய வாழையிலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நூலால் கட்டி மறுபடி வையுங்கள். அங்கே அதற்கென்று ஒரு காகிதம் விற்கிறார்கள், நமக்கு இலை இருக்கும்போது அது எதற்கு. 90ஐத் தாண்டி 95க்குப் பக்கம் வந்தால் எலும்பிலிருந்து கறி கழன்று வரும்.

பெல்லெட் மெஷின் பற்றி மச்சான் சொன்னது பொய் இல்லை. விறகைத் தள்ளுவதும் காற்று ஊதுவதும் மோட்டார், அதனால் சூடு நிலையாக இருக்கும். ஆனால் கரண்ட் போனால் நெருப்பும் போச்சு, தோட்டத்து லைனில் எனக்கு அந்தத் தைரியம் வராது. புகை மணமும் விறகு அளவுக்கு ஏறாது. பெல்லெட்டும் சாப்பாட்டுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். இங்கே பாய்லருக்கு விற்பது கடலைத்தோல், மரத்தூள், இன்னும் என்னென்னவோ கலந்தது, அதில் கறி சுடக் கூடாது.

நாமக்கல்_மாப்ள:

எல்லோரும் சேர்ந்து அந்த மனுசனைப் புதுசு வாங்க விடமாட்டீர்கள் போல! காசு இருக்கிறது என்று அவரே சொல்கிறார். இப்போது பெட்டியை மாற்றுவார், இரண்டு வருசத்தில் உருளை போகும், அப்புறம் கதவு, அப்புறம் கால். ஒட்டுப்போட்ட செலவைக் கூட்டினால் புதுசு விலை வந்துவிடும். 6 மி.மீ. ஒருமுறை வாங்கினால் பேரன் காலம் வரைக்கும் நிற்கும். என் ஓட்டு புதுசுக்கு.

கணபதி_பட்டறை:

மாப்ள சொல்வது வியாபாரத்துக்கு நல்ல வார்த்தை, என் நம்பரை அவருக்குக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் உருளை அப்படிப் போகாதுங்க. அங்கே நெருப்பு படுவதில்லை, 120, 130 டிகிரிதான். உள்ளே கறிக்கொழுப்பும் புகையும் படிந்து தானாகவே ஒரு பூச்சு ஏறிவிடும், வெளியே வருசத்துக்கு ஒருமுறை சூடாக இருக்கும்போது கடலை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். போல்ட்டில் மாட்டிய நெருப்புப்பெட்டி நாளைக்கே புது உருளை வாங்கினாலும் அதற்கும் ஆகும், பணம் வீணாகாது.

ஒன்றில் மட்டும் மாப்ள பக்கம் நிற்கிறேன். வாரா வாரம் சுடுகிற ஆளாக இருந்தாலோ, ஐம்பது பேருக்கு மேல் போனாலோ, மேலே சொன்னதை எல்லாம் கழித்துவிட்டு முழு 6 மி.மீ.க்குப் போகலாம். அப்படிப் போனாலும் பழைய கம்ப்ரசர் டேங்க் நல்லதாகக் கிடைத்தால் தகடு வளைக்கிற கூலி மிச்சம். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நன்றாக எரித்துச் சுத்தம் பண்ண வேண்டும். கேஸ் சிலிண்டரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள், அது கம்பெனிச் சொத்து, உள்ளே மிச்சம் இருந்தால் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

தம்பி, திசை கேட்டேனே?

குடிமங்கலத்தான்:

எல்லோருக்கும் நன்றிங்க. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அண்ணா, கதவு நேர் மேற்கு. சாளை கிழக்கே இருப்பதால் புகை வீட்டுப் பக்கம் போகக் கூடாதென்று அப்படி வைத்தது, ஆனால் மேகாத்து அடிக்கும்போது புகை எப்படியும் சாளைக்குத்தான் வருகிறது. நேற்றுச் சாயந்திரம் சும்மா பற்ற வைத்துப் பார்த்தேன். முதலில் இருந்த இடத்திலேயே. அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு, கதவு வடக்கே பார்க்கிற மாதிரி திருப்பி, மேற்குப் பக்கம் ஓர் எட்டு தள்ளி ஹாலோபிளாக் கல்லைச் சும்மா அடுக்கி இடுப்பு உயரத்துக்கு மறைப்பு. காற்று பலமாகத்தான் இருந்தது. முள் 115க்கும் 135க்கும் நடுவில் ஆடியது, அதைத் தாண்டவில்லை. தகடு அதே 2 மி.மீ.தான்.

கட்டையைத் தட்டிப் பார்த்தேன். குவியலில் மேலே இருப்பது 'டங்', அடியில் இருப்பதெல்லாம் 'மொத்'. கொறங்காட்டு அண்ணா சொன்ன மாதிரி கல் மேல் தூக்கி அடுக்கச் சொல்லிவிட்டேன். ரொட்டியும் வைத்துப் பார்த்தோம், நெருப்புப்பெட்டியிலிருந்து ஒரு முழம் வரைக்கும் கரி, அதற்கு அப்பால் ஒரே மாதிரி பொன்னிறம். அம்மா அந்த நல்ல ரொட்டியை எடுத்து டீயில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டார்.

ஆக, புது ஸ்மோக்கர் இல்லை, பெல்லெட்டும் இல்லை. நெருப்புப்பெட்டி மட்டும் 6 மி.மீ., போல்ட் வைத்து. இரண்டு சந்தேகம் மட்டும். உருளையின் ஓரத்தகடு உப்பிக்கொண்டிருக்கிறதே, அதிலேயே பிளேஞ்ச் வைக்க முடியுமா? கருகுகிற அந்த ஒரு முழத்துக்கு உள்ளே ஏதாவது தகடு வைக்கலாமா, தண்ணித் தட்டே போதுமா?

கணபதி_பட்டறை:

திருப்பி வைத்ததிலேயே பாதி வேலை முடிந்தது. மறைப்பை இன்னும் ஓர் அடி உயர்த்துங்கள், ஆனால் நெருப்புப்பெட்டியை ஒட்டிக் கொண்டுவர வேண்டாம், சிமென்ட் கல்லில் நேராகச் சூடு பட்டால் வெடித்துத் தெறிக்கும்.

உப்பின தகட்டில் பிளேஞ்ச் உட்காராது. அந்த ஓரத்தை அறுத்து எடுத்துவிட்டு 6 மி.மீ.யில் ஒரு வட்டம் வெட்டி வைக்கச் சொல்லுங்கள், பத்து கிலோவுக்குள் வரும். லேசர் கட்டிங்கில் கொடுத்தால் போல்ட் ஓட்டையோடு சேர்த்துச் சுத்தமாக வந்துவிடும், எதிர்ப்பக்கம் நெருப்புப்பெட்டிக்கும் அதே வரைபடம், இரண்டும் பிசகாமல் உட்காரும். நெருப்பு வருகிற வாயைச் சின்னதாக்கிவிடாதீர்கள், அடைத்தால் இழுப்பு போய்விடும்.

உள்ளே தகடு வைக்கலாம். 5 மி.மீ.யில் உருளை அகலத்துக்கு மூன்று நாலு துண்டு, தட்டுக்கு ஒரு சாண் கீழே சும்மா உட்காருகிற மாதிரி, வெல்ட் வைக்க வேண்டாம். நெருப்புப்பெட்டிப் பக்கம் இடைவெளி இல்லாமல் ஒட்டி வையுங்கள், புகைபோக்கிப் பக்கம் போகப் போக இடைவெளியைக் கூட்டுங்கள். மறுபடி ரொட்டி வைத்துப் பார்த்து நகர்த்திக்கொள்ளலாம். தண்ணித் தட்டை அதன் மேலேயே வைக்கலாம், இரண்டும் இருக்கட்டும்.

நெருப்புப்பெட்டிக் கதவுக்குச் சாதாரண கீல் போட்டால் சூட்டில் இறுகிவிடும். 12 மி.மீ. கம்பியும் அதைவிடக் கொஞ்சம் தாராளமான பைப்புமாக வைத்து, கதவைத் தூக்கி எடுக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் சரி, உருளையின் விட்டத்தை இரண்டு இடத்தில் அளந்து அனுப்புங்கள், 2 மி.மீ. வளைவு எப்போதும் சரியான வட்டமாக இருக்காது.

கொறங்காடு:

ஆடி நோம்பிக்கு முன்னால் விறகு காயாது தம்பி. இந்த வருசத்துக்கு வேண்டுமென்றால் போன தையில் வெட்டிய புளியங்கட்டை கொஞ்சம் இருக்கிறது, தாராபுரம் பக்கம் வந்தால் வண்டியில் போட்டுக்கொண்டு போங்கள். அரிசிச் சாக்கு இரண்டு கொண்டு வாங்க.